ட்ரிகரைத் தேய்க்கிறது யார் வேலை?

டிஸ்கி: துப்பாக்கி வேணுமா வேணாமான்னு பட்டிமன்றம் நடத்துற பதிவு இல்லை இது. ட்ரிகரை எப்படித் தேய்க்கிறதுன்னு செய்முறை விளக்கம் தேடி வந்தவங்களுக்கும் இங்க சரக்கு இல்லை. ஏன் தேய்க்கக் கூடாது, யார் தேய்ச்சுக் கொடுத்திருக்கணும். இந்த ரெண்டுதான் விஷயம்.

புதுசா ஒரு பைக் வாங்கறீங்க. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கே கிளட்ச் லீவர் விரலை அறுக்குது, இழுத்தா கரகரன்னு சத்தம். என்ன பண்ணுவோம்? ஷோரூமுக்குப் போய் நாலு பேரைக் கூட்டி சத்தம் போடுவோம். ஃபேஸ்புக்ல போட்டு நாறடிப்போம். யாராவது "அட, இதுக்கு ஏங்க டென்ஷன், அரம் எடுத்து வீட்லயே தேய்ச்சுக்கங்க"ன்னு சொன்னா அவரை ஒரு மாதிரி பார்ப்போம்.

ஆனா லட்ச ரூபாய்க்கு மேல கொடுத்து வாங்குற ரிவால்வர் விஷயத்துல மட்டும் இந்த அரம் வைத்தியத்தை ரொம்ப சாதாரணமா பேசிக்கிறோம். "கான்பூர் .32 தானே? ட்ரிகர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பட்டறைல கொடுத்து நைஸ் பண்ணிக்கலாம்." இப்படிச் சொல்றவங்களுக்கு அதுல ஒரு பெருமை வேற. ஏதோ சந்திரயானுக்கு எஞ்சின் டியூன் பண்ணின மாதிரி. இந்தப் பெருமையைத்தான் இன்னிக்குக் கொஞ்சம் பிராண்டலாம்னு உக்காந்திருக்கேன்.

விஷயம் தெரியாத மக்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நம்ம நாட்டுல ராணுவமும் போலீஸும் உபயோகிக்கிற தோட்டா வகைகள் சாதாரண லைசென்ஸ்தாரருக்குக் கிடையாது. அதனாலதான் கைத்துப்பாக்கின்னா .32ன்னு ஆகிப்போச்சு. அந்தத் தோட்டா அமெரிக்காவுல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896ல கொண்டு வந்தது. அதைச் சுடுற ரிவால்வர், பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன வெப்ளி வம்சம். நடுவுல மடக்கித் திறந்தா காலித் தோட்டா வெளியே துள்ளி விழுமே, பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க, அதேதான். செஞ்சு விக்கிறது கான்பூர்ல இருக்கிற அரசாங்கத் தொழிற்சாலை. வெளிநாட்டுச் சரக்கைத் தனி ஆள் இறக்குமதி பண்றது 1980கள்லயே கிட்டத்தட்ட நின்னு போச்சு. போட்டிகள்ல சுடுற பேர் பெற்ற வீரர்கள் மாதிரி சில பேருக்கு மட்டும் விதிவிலக்கு. அப்புறம் பல வருஷத்துக்கு சாமானியனுக்குப் புது ரிவால்வர்னா அரசாங்கம் ஒண்ணுதான் கடை. இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, ட்ரிகரை இழுத்தா உள்ள என்னதான் நடக்குது?

ரெண்டு விதமா சுடலாம். கட்டை விரலால ஹேமரைப் பின்னாடி இழுத்து நிறுத்திட்டு, அப்புறம் ட்ரிகரைத் தொடறது ஒண்ணு. இதுக்கு சிங்கிள் ஆக்‌ஷன்னு பேரு. பாரமான வேலையைக் கட்டை விரலே முடிச்சுடும். ட்ரிகர் வெறும் கொக்கியை விடுவிக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு டபுள் ஆக்‌ஷன். ஹேமரைத் தொடாம நேரா ட்ரிகரை இழுக்கிறது. அந்த ஒரே இழுப்புல சிலிண்டர் ஒரு அறை சுத்தணும், ஸ்ப்ரிங்கை அமுக்கி ஹேமர் பின்னாடி போகணும், உச்சத்துக்குப் போனதும் விடுபட்டு வந்து அடிக்கணும். பழைய ராணுவ ரிவால்வர்கள்ல இந்த இழுப்புக்கு 5 கிலோவுக்கு மேல விசை தேவைப்படறது சகஜம். 5 கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரல் ஒண்ணுல மாட்டித் தூக்கிப் பாருங்க. தூக்கிக்கிட்டே அந்தக் கை துளி ஆடாம இருக்கணும். முடியுதா? துப்பாக்கியோட எடை ஒரு கிலோகூட இருக்காது. அதைப் பிடிச்சிருக்கிற கையில ஒரு விரல் மட்டும் அதைப்போல பல மடங்கு விசையில இழுக்குது. குழாய் முனை அசையாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இங்கதான் நம்ம மக்கள் மூணு வெவ்வேறு சங்கதியை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

முதலாவது கனம். ஸ்ப்ரிங்கோட பலம், நெம்புகோலோட அமைப்பு, இதெல்லாம் சேர்ந்து வர்றது. வடிவமைச்சவன் யோசிச்சு வெச்ச சங்கதி.

ரெண்டாவது சொரசொரப்பு. உள்ள ஒண்ணோட ஒண்ணு உரசுற இரும்புப் பரப்புகள்ல மெஷின் கீறல் இருக்கும், பிசிறு இருக்கும். அதனால இழுப்பு ஒரே சீரா வராம, மேடு பள்ளத்துல மாட்டு வண்டி போற மாதிரி தடக் தடக்னு வரும். இதை யாரும் யோசிச்சு வெக்கிறதில்லை. செய்யாம விட்டதால வர்றது.

மூணாவது ட்ரிகரோட முகம். விரல் படற இடம். அங்க கூரான விளிம்போ ஆழமான வரிகளோ இருந்தா, நீளமா இழுக்கும்போது விரல் சறுக்க முடியாம தோலைச் சுரண்டும். இருபது தோட்டா சுட்டா விரல் செவந்து போயிடும். விளிம்பை உருட்டி முகத்தை வழவழன்னு ஆக்கினா விரல் சொகுசா நகரும்.

கனம்ங்கிறது முடிவு. சொரசொரப்பு அலட்சியம். இந்த வித்தியாசம் புரிஞ்சா பதிவோட பாதி புரிஞ்ச மாதிரி. ஏன்னா உற்பத்தி பண்றவங்களுக்கு முட்டுக் கொடுக்கிறவங்க எப்பவும் ரெண்டாவதைப் பத்திக் கேட்டா முதலாவதைச் சொல்லித்தான் தப்பிப்பாங்க. "ட்ரிகர் கனமா இருந்தாத்தானே சார் பாதுகாப்பு?" ஐயா, நான் கேட்டது கனத்தைப் பத்தி இல்லை. பிசிறை ஏன் எடுக்கலைன்னு கேட்டேன்.

கனம்தான் பாதுகாப்புங்கிறதும் முழு உண்மை இல்லைங்கிறது வேற கதை. நியூயார்க் போலீஸ் ரிவால்வர்ல இருந்து 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறினப்ப, தவறிச் சுட்டுடக் கூடாதுன்னு வேணும்னே 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ ட்ரிகர் கேட்டு வாங்கினாங்க. 2012 ஆகஸ்ட் 24 அன்னிக்கு எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலையாளியை ரெண்டு போலீஸ்காரங்க சுட்டாங்க. 16 ரவுண்டு. அக்கம்பக்கத்துல போயிட்டிருந்த 9 பேருக்குக் காயம். அத்தனையும் போலீஸ் தோட்டாவாலயோ அதோட சிதறலாலயோ வந்தது. பயிற்சி, பதற்றம், கூட்டம்னு நூறு காரணம் சொல்லலாம். ஆனா அந்தக் கனமான ட்ரிகரும் விவாதத்துக்கு வந்துச்சு. 2021ல அங்க புதுசா சேர்ற போலீஸ்காரங்களுக்கு இலேசான ட்ரிகர் கொடுக்க ஆரம்பிச்சாங்க. தவறிச் சுடாம இருக்கக் கனம் உதவும்னா, குறி தவறிச் சுடவும் அதே கனம் உதவும். யோசிச்சு எடுக்க வேண்டிய முடிவு அது.

நிற்க.

நல்ல ட்ரிகருக்கு யார் பொறுப்புன்னு உலகம் எப்படிப் பார்த்துச்சு? ரெண்டு உதாரணம் போதும்.

வெப்ளிக்குப் பங்காளி முறை ஆகிற ஒரு ரிவால்வர் இருக்கு. பிரிட்டிஷ் அரசாங்கம் என்ஃபீல்ட்ல செஞ்ச .38. டாங்கிக்குள்ள உக்கார்ற சிப்பாய்ங்களுக்கு ஹேமரோட கொம்பு அங்க இங்க மாட்டி இம்சை. 1938ல கொம்பையே வெட்டிட்டாங்க. ஆனா அதோட விடலை. கொம்பு இல்லேன்னா கட்டை விரலால ஹேமரை இழுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் ட்ரிகராலதான் இழுக்கணும், அப்ப விரலுக்குப் பாரம் கூடுமேன்னு யோசிச்சு மெயின் ஸ்ப்ரிங்கையும் இலேசாக்கினாங்க. அரசாங்கத் தொழிற்சாலைதான் இதையும் செஞ்சுது. "சிப்பாய் ஊருக்குப் போய் கொல்லன்கிட்ட கொடுத்துத் தேய்ச்சுக்கட்டும்"னு விடலை.

இன்னொண்ணு அமெரிக்காவுல 1955ல வந்த கோல்ட் பைத்தான். அதுக்கு இருந்த மவுசுக்கு முக்கியமான காரணமே ட்ரிகர்தான். தொழிற்சாலைக்குள்ளயே தேர்ந்த கைகள் ஒவ்வொண்ணா உக்காந்து பொருத்தி, மெருகு போட்டு அனுப்புவாங்க. அதுக்கேத்த மாதிரி விலையும் கூடுதல். வாங்கினவன் சந்தோஷமா கொடுத்தான்.

அமெரிக்கா வரைக்கும் ஏன் போகணும்? நம்ம தஞ்சாவூர் வீணையையே எடுத்துக்கங்க. பலா மரத்தைக் குடைஞ்சு குடம் பண்றதோட வீணை முடிஞ்சு போறதில்லை. மேளம் கட்டணும். மெழுகைக் கருப்பாக் காய்ச்சி வார்த்து, அது மேல 24 பித்தளைக் கட்டைகளை ஒவ்வொண்ணா, காதால ஸ்வரம் பார்த்துப் பார்த்து நிறுத்துற வேலை. ஒரு கட்டை இம்மி ஏறி இருந்தாலும் ஸ்வரம் இடறும், விரலும் இடறும். எந்த ஆசாரியாவது மேளம் கட்டாத வீணையைக் கையில கொடுத்து "வீட்டுக்குப் போய் மெழுகு காய்ச்சிக்கங்கம்மா"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சுவாமிமலைக்குப் போங்க. காவிரி வண்டல் மண்ணு பூசின அச்சுல ஐம்பொன்னை ஊத்தி உடைச்சு எடுத்தா வர்றது கருத்துப்போன ஒரு முரட்டு உருவம். அதுக்கு அப்புறம் அரமும் உளியும் வெச்சுக்கிட்டு நாள் கணக்கா நடக்குதே, அதுதான் ஸ்தபதி வேலை. வார்ப்போட நிறுத்திட்டு விக்கிறவரை யாரும் ஸ்தபதின்னு சொல்ல மாட்டாங்க.

கடைசி மெருகுங்கிறது வேலைக்கு மேல போடுற அலங்காரம் கிடையாது. அதுவும் வேலைதான். இது சோழ மண்டலத்துல சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச சேதி.

அப்ப லட்ச ரூபாய் ரிவால்வர்ல மட்டும் அது ஏன் வாங்கினவன் தலையில விழுது? மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, ஒரே கடைன்னு. அதான் பதில். ரேஷன் அரிசியில கல்லு இருந்த காலத்துல நம்ம அம்மாக்கள் முறத்துல கொட்டிப் பொறுக்கினாங்களே, அதே கணக்கு. வேற கடை கிடையாது, பொறுக்கித்தான் ஆகணும். பொறுக்கிப் பொறுக்கி அதுவே சமையல்ல ஒரு பகுதின்னு ஆகிப்போச்சு. அரிசி விக்கிறவன் வேலையை நாம சம்பளமில்லாம செய்யறோம்னு யாருக்கும் தோணலை. (எங்க சாஃப்ட்வேர் துறை இதுல பெரிய வாத்தியார். டெஸ்டிங்கைக் கஸ்டமர் தலையில கட்டிட்டு அதுக்கு "பீட்டா"ன்னு பேர் வெச்சவங்க நாங்க. ஆனா எங்க பக் வெடிச்சா ஸ்க்ரீன்தான் நீலமாகும்.)

2014 ஜனவரியில கான்பூர்ல இருந்து "நிர்பீக்"னு ஒரு ரிவால்வர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2012 டிசம்பர்ல டெல்லியில ஓடுற பஸ்ஸுல நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கான முதல் ரிவால்வர்னு சொல்லி விட்டாங்க. டைட்டானியம் கலந்த உடம்பு, எடை அரைக் கிலோ சொச்சம், விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் கலர் பெட்டி. துப்பாக்கி வந்தா பெண்ணுக்குப் பாதுகாப்பு வந்துடுமான்னு அப்பவே நிறைய பேர் கேட்டாங்க, நியாயமான கேள்வி. என்னோட கேள்வி அதைவிடச் சின்னது, கொஞ்சம் மெக்கானிக்கல்தனமானது. எடையைச் சொன்னீங்க, விலையைச் சொன்னீங்க, பெட்டி கலரைக்கூடச் சொன்னீங்க. ட்ரிகரை இழுக்க எத்தனை கிலோ விசை வேணும்னு எந்தச் செய்தியிலயும் நான் பார்க்கலையே? துப்பாக்கி எடை குறைஞ்சு ட்ரிகர் கனம் குறையாம இருந்தா சுடறது கஷ்டமாத்தான் ஆகும். பிடிச்சு நிறுத்தக் கனம் பத்தாம முனை இன்னும் ஆடும். பெண்ணுக்குன்னு சொன்னா முதல்ல யோசிக்க வேண்டியது அவங்க விரலை. யோசிச்சது நகைப்பெட்டியை!

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். துப்பாக்கித் தயாரிப்புல தனியாருக்குக் கதவு திறந்துச்சு. வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனியே உள்ளூர்க் கூட்டாளியோட உத்தரப் பிரதேசத்துல ஹர்தோய் மாவட்டத்துக்கு வந்து 2020ல .32 ரிவால்வரை இறக்குச்சு. 2021 அக்டோபர் 1ல ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைச்சு ஏழு கம்பெனியாப் பிரிச்சாங்க. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை, அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியாங்கிற கம்பெனிக்குக் கீழ வந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல அந்தக் கம்பெனி "பிரபல்"னு புது ரிவால்வரை அறிமுகப்படுத்தினப்ப, சிலிண்டர் பக்கவாட்டுல திறக்கும், 50 மீட்டர் வரைக்கும் சுடும்னு சொன்னதோட, ட்ரிகர் இழுக்கச் சுலபம்ங்கிறதையும் ஒரு சிறப்பம்சமாச் சொன்னாங்க.

பார்த்தீங்களா? எதிர்க்கடை திறந்த மூணு வருஷத்துல ட்ரிகர் விளம்பரத்துக்கே வந்துடுச்சு. இத்தனை காலமும் பொறியியல் தெரியாம இல்லை. கேக்க ஆள் இல்லாம இருந்துச்சு. கேக்க வேண்டிய ஆளு பட்டறையில அரத்தோட நின்னான்.

சரி, அந்தப் பட்டறைக்கு வருவோம். பழைய ரிவால்வர்கள் நம்ம ஊர்கள்ல பீரோவுல இன்னும் இருக்கு. புதுசு வந்தா பழசு என்ன காணாமலா போயிடும்?

எங்க ஊர்ப் பக்கம் பெரியப்பா முறை ஆகிற ஒருத்தர் வெச்சிருக்கார். நெல்லு, தோப்பு, ஒரு ரைஸ் மில்லுல பங்குன்னு வசதியான கை. போன பொங்கலுக்குப் போனப்ப ஆரம்பிச்சார்.

"தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிச்ச?"

"ஆமா பெரியப்பா. படிச்சது மெக்கானிக்கல், பாக்குறது கம்ப்யூட்டர் வேலை."

"அது கெடக்கட்டும். இந்த ட்ரிகர் ரொம்ப மொரடா இருக்குய்யா. லேத் பட்டறையில பய கையில கொடுத்தா உப்புத்தாள் போட்டு நாலு இழுப்பு இழுத்துடுவான். பத்து நிமிசம். கிட்ட நின்னு எங்க தேய்க்கணும்னு மட்டும் நீ சொல்லு."

"வேணாம் பெரியப்பா."

"ஏன், படிச்சது மறந்து போச்சா?"

மறக்கலை. மறக்காததாலதான் வேணாம்னேன். அவர்கிட்ட சொன்னதைத்தான் இங்கயும் சொல்றேன்.

ஹேமரும் ட்ரிகரும் ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிற இடம் ரொம்பச் சின்னது. நெல்லு உமி கனம்தான் இருக்கும். அந்த மாதிரி பாகங்களை மேல்தோல் மட்டும் கெட்டியா இருக்கும்படி சூடாக்கிப் பதப்படுத்தறது பழக்கம். உள்ள இரும்பு மெத்துனு இருக்கும், மேல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓடு. அரம் அந்த ஓட்டைத் தாண்டிடுச்சுன்னா முதல் நாள் அற்புதமா இருக்கும். வெண்ணெயில கத்தி மாதிரி. பட்டறைத் தம்பிக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்துட்டு வருவீங்க. அப்புறம் மெத்து இரும்பு கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். ஒரு நாள், நிறுத்தி வெச்ச ஹேமர் யாரும் ட்ரிகரைத் தொடாமலேயே விழும். கீழ வைக்கிற அதிர்ச்சி போதும், கட்டை விரல் பட்டாலே போதும்.

அந்தக் கவ்வுற இடத்தோட கோணம் இன்னும் மோசமான வம்பு. ஒரு டிகிரி இந்தப் பக்கம் போனா ட்ரிகர் கனமாகும், அந்தப் பக்கம் போனா தானா வழுக்கும். அதுக்குன்னு செஞ்ச பிடிப்புக் கருவி இல்லாம கையால தேய்க்கிறவனுக்கு எந்தப் பக்கம் போறோம்னு தெரியாது. "அதெல்லாம் வேணாம், ஸ்ப்ரிங்ல ஒரு சுத்து வெட்டிடலாம்"னு ஒரு கோஷ்டி இருக்கு. வெட்டினா ட்ரிகர் இலேசாகும், வாஸ்தவம்தான். ஹேமர் அடிக்கிற அடியும் இலேசாகும். தோட்டா சில சமயம் வெடிக்கும், சில சமயம் வெடிக்காது. தற்காப்புக்குன்னு வெச்சிருக்கிற சாமான்ல "சில சமயம்" இருக்கலாமா?

ட்ரிகரோட முகத்தை மட்டும் வழவழப்பாக்கினா இந்த ஆபத்து எதுவும் இல்லையேன்னு கேப்பீங்க. சரிதான். விரல் படற பக்கத்துக்கும் கவ்வுற பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா பட்டறைக்குப் போன வேலை முகத்தோட நிக்குமா? "உள்ளயும் கொஞ்சம் பாத்துடுப்பா"ங்கிறது நம்ம தேசிய வசனம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். 1959 ஆயுதச் சட்டம், பிரிவு 5. துப்பாக்கியைத் தயாரிக்க, விற்க, மாற்றியமைக்க, பழுது பார்க்க, சோதிக்க, இது ஒவ்வொண்ணுக்கும் அதுக்கான லைசென்ஸ் வேணும். பெரியப்பாவோட லைசென்ஸ் வெச்சுக்கிறதுக்குத்தான். லேத் பட்டறைக்கு எந்த லைசென்ஸும் இல்லை. பிரிவு 5ஐ மீறினா என்ன தண்டனைன்னு பிரிவு 25(1) சொல்லுது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள்.

திரும்ப ஒரு தடவை படிங்க. குறைஞ்சது ஏழு வருஷம்.

யாருக்கு? அருவாளுக்குச் சாணை பிடிச்சுக்கிட்டு, பம்ப் செட் ஷாஃப்ட்டைக் கடைஞ்சுக்கிட்டு, டிராக்டர் பின்னைப் பத்த வெச்சுக்கிட்டு இருக்கிற அந்தப் பட்டறைப் பையனுக்கு. ஊர்ப் பெரியவர் கொண்டாந்து கொடுத்தா அவனால முடியாதுன்னு சொல்ல முடியுமா? சொன்னா அடுத்த சாகுபடிக்கு அவர் வீட்டு டிராக்டர் வேற பட்டறைக்குப் போகும். நாளைக்கு அந்த ரிவால்வர் தானா வெடிச்சு எவனுக்காவது அடிபட்டா, "தேய்ச்சது யாருடா"ன்னுதான் முதல் கேள்வி வரும். பெரியவருக்கு வக்கீல் இருக்கார். பையனுக்கு அரம் இருக்கு. இதைச் சொன்னப்பதான் பெரியப்பா கொஞ்சம் யோசிச்சார். கோணம், கேஸ் ஹார்டனிங் எல்லாம் அவரை ஒண்ணும் அசைக்கலை. நீங்களும் யார்கிட்டயாவது இதைப் பேசினா பொறியியலை விட்டுட்டு இதுல இருந்தே ஆரம்பிங்க.

"அமெரிக்காவுல அவனவன் சமையல் மேஜை மேல பிரிச்சுப் போட்டுத் தானே மெருகு போடறானே"ன்னு ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும். வரட்டும். அங்க உதிரி பாகம் தபால்ல வருது, கெட்டா மாத்திக்கிறான். முறையாப் படிச்ச துப்பாக்கி மெக்கானிக் பக்கத்துத் தெருவுல இருக்கான். சுட்டுப் பார்க்க ரேஞ்ச் இருக்கு. அதையெல்லாம் இறக்குமதி பண்ணாம அரத்தை மட்டும் இறக்குமதி பண்ணினா எப்படி?

ரேஞ்ச்னதும் ஒண்ணு சொல்லணும். ட்ரிகர் முரடா இருக்குங்கிற புகார்ல ஒரு பங்கு விரலுக்கும் உண்டு. வருஷம் பூரா பீரோவுல தூங்கி, தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கி, திரும்ப எடுத்து பீரோவுல வைக்கிற சாமானை எப்பவோ ஒரு தடவை சுட்டுப் பார்த்தா எந்த ட்ரிகரும் முரடாத்தான் இருக்கும். 2022 ஜூலையில அஜித் வந்து மாநிலப் போட்டியில சுட்டு மெடல் வாங்கினாரே, திருச்சி ரைஃபிள் கிளப், அப்ப வாசல்ல நின்ன கூட்டத்துல எத்தனை பேர் அது நமக்கும் பக்கம்தான்னு யோசிச்சோம்? போட்டிக்காரங்ககிட்ட ட்ரிகர் பத்திக் கேட்டுப் பாருங்க. 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில ட்ரிகர் 1000 கிராமுக்குக் குறையக் கூடாதுன்னு சர்வதேச விதி. எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பாங்க. விளையாட்டுக்கே ஒரு அளவு, அதைச் சரி பார்க்க ஒரு ஆள், எழுதி வெச்ச ஒரு எண். அந்த எண்ணுதான் நம்ம லைசென்ஸ்தாரர் கைக்கு வர்ற பெட்டியிலயும் இருக்கணும்.

ஆக, நான் கேக்கிறது மூணே மூணு.

ஒண்ணு, விக்கிற ஒவ்வொரு ரிவால்வர் பெட்டி மேலயும் ட்ரிகர் இழுவிசை எத்தனை கிலோன்னு அச்சடிங்க. சிங்கிள் ஆக்‌ஷனுக்கு ஒண்ணு, டபுளுக்கு ஒண்ணு. பிஸ்கட் பாக்கெட்ல உப்பு எத்தனை கிராம்னு போடற நாடு இது.

ரெண்டு, பழைய ரிவால்வர்களுக்கு வழி பண்ணுங்க. தஞ்சாவூர்ல இருந்து அறுபது கிலோமீட்டர்ல, திருச்சியில துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. 1960கள்ல இருந்து ராணுவத்துக்கும் போலீஸுக்கும் துப்பாக்கி செஞ்ச கைகள் அங்க இருக்கு. 2021க்கு அப்புறம் அதுவும் கான்பூரும் ஒரே கம்பெனி. டெல்டா லைசென்ஸ்தாரர் கான்பூர் ரிவால்வரைக் கொண்டு போய்க் கொடுத்து, சரியான கருவியோட, சரியான ஆள், சட்டப்படி மெருகு போட்டு, இழுவிசையை அளந்து எழுதித் தர்ற ஒரு கவுன்டர் அங்க வேணும். காசு வாங்கிக்கங்க. வேணாம்னு யார் சொன்னது?

மூணு, நமக்கு. ட்ரிகர் முரடா இருந்தா செஞ்சவனுக்குக் கடிதம் எழுதுங்க. பதிவுத் தபால்ல எழுதுங்க. பதில் வரலேன்னா திரும்ப எழுதுங்க. நூறு பேர் சத்தமில்லாம பட்டறைக்குப் போனா கம்பெனி கணக்குல புகார் பூஜ்யம். அடுத்த மாடலும் அதே பிசிறோட வரும், பெட்டி மட்டும் வேற கலர்ல. நாம சாமர்த்தியம்னு நினைச்சுச் செய்யறதுதான் அவங்க அலட்சியத்துக்குப் போடுற உரம்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம், கும்மியும் அடிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். கையில இருக்கிற அரத்தைக் கீழ வெச்சுட்டு டைப் பண்ணுங்க.